விதைக்குப் பூசியது போதும், தட்டைக்குப் போடுங்கள்

ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் மக்காச்சோளமும் சோளமும் போடுகிற விவசாயிகளுக்கும், கன்னிவாடிப் பக்கம் விரிடி என்கிற நல்ல பூஞ்சாணத்தைத் தயாரித்துக் கைதேர்ந்த மகளிர் குழு அக்கா தங்கைகளுக்கும் எழுதுவது.

அறுவடை முடிந்த காட்டில் நிற்கிற தட்டையைப் பற்றித்தான் இந்த மடல். கதிரை ஒடித்து, மெஷினில் விட்டு, மூட்டை பிடித்து லாரி ஏற்றியதோடு மக்காச்சோளத்தை மறந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு காட்டில் கிடப்பதெல்லாம் நமக்குத் தொந்தரவு. தீ வைக்கிறவர் வைக்கிறார், ரொட்டவேட்டர் விடுகிறவர் விடுகிறார், இரண்டுக்கும் காசும் மனசும் இல்லாதவர் சித்திரை மழை வரட்டும் என்று அப்படியே விடுகிறார். அடுத்த வெள்ளாமைக்கு வரவேண்டிய நோய் அந்தத் தட்டைக்குள்தான் குடியிருக்கிறது. அதை அங்கேயே மடக்க நம் கையில் ஒரு நல்ல பூஞ்சாணமும் இருக்கிறது. ஆனால் அதைத் தப்பான மாதத்தில் தப்பான இடத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பூ வந்த பிறகு மழை ஏமாற்றிய காட்டில், கதிர் முற்றும் முன்னே காய்ந்து சாய்ந்த தட்டை ஒன்றை வேரோடு பிடுங்குங்கள். அடியிலிருந்து இரண்டு கணு உயரத்துக்குக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நல்ல தட்டையில் வெள்ளை நெட்டி கெட்டியாக நிறைந்திருக்கும். இதில் நெட்டி கரைந்துபோய் வெறும் நார் மட்டும் பிரி பிரியாகத் தொங்கும். அந்த நாரின்மேல் கரித்தூள் தூவியதுபோலக் கருப்புப் புள்ளிகள். பூதக்கண்ணாடி இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி மணியாகத் தெரியும். இதுதான் கரிக்கோல் அழுகல். மேக்ரோபோமினா பேசியோலினா என்கிற பூஞ்சாணத்தின் வேலை.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் அடுத்த வருஷத்துக்கு அது சேர்த்து வைத்த விதைமணி. தட்டை நைந்து மண்ணாகும்போது மணிகள் மண்ணில் உதிர்கின்றன. காய்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரம் நிற்கிற மண்ணிலோ அவற்றின் ஆயுள் வாரக்கணக்கில் சுருங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் வேலைக்கு ஆகும். பயிரை மாற்றிப் போட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். இந்தப் பூஞ்சாணம் தாக்கும் செடிவகைகள் 500-க்கு மேல். உளுந்தில், பாசிப்பயறில் வேரழுகல் என்று நாம் சொல்வதும் இதே ஆள்தான். எள், நிலக்கடலை, பருத்தி, சூரியகாந்தி எதையும் விடாது. மக்காச்சோளத்துக்குப் பின் உளுந்து போடுவது மண்ணுக்கு நல்லது, அதைத் தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் இந்த நோய்க்கு அது பரிகாரம் ஆகாது.

இலைக்கருகல் கதை வேறு. இலையில் சுருட்டுபோல நீள நீளமாகச் சாம்பல் நிறத்தில் காய்ந்துபோகுமே, அந்த டர்சிகம் கருகல், தரைக்குமேல் கிடக்கும் காய்ந்த இலையிலும் தோகையிலும் தங்கி அடுத்த பருவத்தின் ஈரக்காற்றில் கிளம்புகிறது. இலை மக்கிப்போனால் அதற்குத் தங்க இடமில்லை. ஆக, ஒன்றுக்குத் தட்டையைச் சீக்கிரம் மக்க வைத்தாலே போதும். இன்னொன்றுக்கு மக்கினால் மட்டும் போதாது, உதிர்ந்த மணியைத் தேடித் தின்ன மண்ணில் ஆள் வேண்டும்.

தீ வைக்கிறவர்களை நான் திட்டப்போவதில்லை. மேலே கிடக்கும் இலைக்கருகல் விதையைத் தீ பெருமளவு அழிக்கும் என்பது உண்மை. ஆனால் கரிக்கோல் அழுகல் இருப்பது வேரிலும் அடிக்கட்டையிலும். தட்டைத் தீ சரசரவென்று மேலோட்டமாக ஓடிவிடும், மண்ணுக்குள் அதன் சூடு நான்கு விரற்கடைகூட இறங்காது. எரிந்தது நம் தழைச்சத்தும் கரிமச்சத்தும், எரியாமல் தப்பியது எதிரி. போதாக்குறைக்கு, அந்த எதிரியைத் தின்னக்கூடிய நல்ல பூஞ்சாணம் மேல்மண்ணில் இருந்தால் அதற்கும் சேர்த்துக் கொள்ளி.

அந்த நல்ல பூஞ்சாணம் நமக்குப் புதிதில்லை. பாக்கெட்டில் டிரைக்கோடெர்மா விரிடி என்று அச்சடித்திருப்பார்கள், நாம் விரிடி என்போம். 1932-லேயே, கலிபோர்னியாவில் நாரத்தை வகை நாற்றுகளின் அழுகல் நோயை ஆராய்ந்த ரிச்சர்ட் வைண்ட்லிங், இந்த இனத்துப் பூஞ்சாணம் ரைசோக்டோனியா என்கிற நோய்ப் பூஞ்சாணத்தின் இழையைச் சுற்றிக்கொண்டு அதைத் தின்பதை எழுதிவைத்தார். எதிரியின் இழைமேல் கொடிபோல் ஏறி, அதன் தோலைக் கரைக்கும் நொதியைச் சுரந்து, உள்ளே இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். எதிரிக்கு ஆகாத நஞ்சையும் சுரக்கும். இவ்வளவும் போக, இருக்கிற இரையை முந்திக்கொண்டு தின்று மற்றதைப் பட்டினி போடுவதிலும் கெட்டிக்காரன். செத்த தாவரப்பொருள் அதற்குப் பிடித்த சாப்பாடு. காட்டு மண்ணிலும் மக்கும் மரக்கட்டையிலும் அது தானாகவே வாழ்கிறது.

செத்த தட்டையில் வாழப் பிறந்த ஒன்றை நாம் உயிருள்ள விதையின்மேல் மட்டும் பூசிக்கொண்டிருக்கிறோமே, அங்கேதான் எனக்கு வருத்தம். இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. நுண்ணுயிரை டால்க் பவுடரில் கலந்து பாக்கெட் போட்டு விவசாயி கையில் கொடுக்கலாம் என்று காட்டியதில் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பி. வித்யாசேகரனும் முத்தமிழனும் கொண்டைக்கடலை வாடல் நோய்க்குச் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியாவை அப்படிப் பவுடராக்கி விதையில் பூசி 1995-இல் வெளியிட்ட ஆய்வை இன்றைக்கும் உலகம் எடுத்துக்காட்டுகிறது. பவுடர் என்றால் விதைக்குப் பூசத் தோது. கிலோ விதைக்கு விரிடி 4 கிராம், சூடோமோனாஸ் 10 கிராம் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பயறுக்கும் கடலைக்கும் சொந்த விதை வைத்திருக்கிறவர்கள் அதைக் கைவிடவே கூடாது.

மக்காச்சோளத்தில் நிலவரம் வேறு. நாம் போடுவது கம்பெனி வீரிய ஒட்டு விதை. பாக்கெட்டைப் பிரித்தால் விதை ரோஸ் நிறத்தில் வருகிறது. பூஞ்சாணக்கொல்லி ஏற்கெனவே பூசியாகிவிட்டது என்பதற்கு அடையாளம் அந்தச் சாயம். 2018-இல் அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டுக்குள் நுழைந்த பிறகு அதன்மேல் பூச்சிமருந்தும் சேர்ந்துகொண்டது. பூஞ்சாணக்கொல்லி பூசிய விதைமேல் பூஞ்சாணத்தைப் பூசினால் என்ன ஆகும்? செத்துப்போகும், அல்லது செத்ததுபோலக் கிடக்கும். ஆடியில் முறையாக விரிடி வாங்கி, முறையாகப் பூசி, பலன் இல்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! சலிப்பு நியாயம்தான், ஆனால் அதற்குக் காரணம் விரிடி இல்லை.

ஆகவே மக்காச்சோளத்துக்கு விரிடி போடவேண்டிய இடம் தட்டை. மாதம், அறுவடை முடிந்த மாதம்.

அதற்காகப் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே தட்டைமேல் தூவிவிடாதீர்கள். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நல்ல விரிடியில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிர்வித்து இருக்க வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. ஒரு கிலோவில் 200 கோடி. கேட்க மலைப்பாக இருக்கிறது. மக்காச்சோளத்தில் தானியம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு எடைக்குத் தட்டையும் தோகையும் விழும். ஏக்கருக்கு 25 குவிண்டால் எடுத்தவர் காட்டில் இரண்டரை டன் கிடக்கும். 200 கோடியை அதற்குப் பங்கு வைத்தால் கிராமுக்கு 800 வித்துதான் சேரும். ஏற்கெனவே உள்ளே புகுந்து வீடு கட்டிவிட்ட நோயை வெளியேற்ற இது பற்றாது. பாக்கெட்டில் இருப்பதை உறைமோர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், முதலில் அதைத் தொழுவுரத்தில் பெருக்க வேண்டும்.

நன்றாக மக்கிய தொழுவுரம் 100 கிலோ, விரிடி ஒரு கிலோ. வேப்பம்புண்ணாக்கு இருந்தால் கொஞ்சம் சேர்க்கலாம். மரநிழலில் குவித்து, கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது என்கிற பதத்துக்கு நனைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறி விடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முதலில் வெள்ளையாகவும் பிறகு பச்சையாகவும் படர்ந்திருக்கும். இது ஒரு ஏக்கருக்கு. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போதே குவியலைப் போட்டுவிட்டால் கதிர் ஒடித்து முடிப்பதற்கும் உரம் தயாராவதற்கும் சரியாக இருக்கும்.

பிறகு தட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்க வேண்டும். முழுத்தட்டையின் தோல் வழவழப்பானது, உள்ளே எதுவும் எளிதில் புகாது. நறுக்கிய தட்டைமேல் சாயங்காலமாக உரத்தை விசிறி, அன்றைக்கே ரொட்டவேட்டரை மேலோட்டமாக மூன்று நான்கு அங்குலத்துக்கு ஓட்டிவிடுங்கள். வெயில் விரிடிக்கு ஆகாது. சட்டிக்கலப்பை போட்டு ஆழமாகப் புரட்டினால் நோய் கண்ணில் படாமல் போகும், அடுத்த உழவில் திரும்ப மேலே வரும். தட்டையில் கரிமச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. மக்க வைக்கிற உயிர்கள் தழைச்சத்துக்கு மண்ணில் கைவைக்கும், அடுத்த பயிர் வெளிறும். சாணிக்கரைசலோ, டன்னுக்கு நாலைந்து கிலோ யூரியாவோ முதலிலேயே கொடுத்துவிட்டால் அந்தச் சண்டை இருக்காது. யூரியாவை விரிடி உரத்தோடு கலக்காமல் முந்தின நாளே தெளித்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று: ஈரம். கிணறு இருக்கிறவர் ஒரு தண்ணீர் பாய்ச்சட்டும். மானாவாரிக்காரருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையின் மிச்ச ஈரம் மண்ணில் இருக்கும் மார்கழி, தைதான் தோதான காலம். அறுவடை முடிந்த அதே வாரத்தில் செய்துவிட வேண்டும். மாசி பிறந்து காடு வறண்டபின் போட்டால் காசு வீண். 25-லிருந்து 30 டிகிரி வரைதான் விரிடிக்கு இதமான சூடு. பங்குனி வெயிலில் திண்டுக்கல் மண் அதைவிட எங்கேயோ போய்விடும், கரிக்கோல் பூஞ்சாணத்துக்கோ சூடும் வறட்சியும்தான் கொண்டாட்டம். தையைத் தவறவிட்டவர்கள் தட்டையை நறுக்கி மட்டும் போட்டுவைத்து, கோடைமழை ஒன்று இறங்கிய மறுநாள் விரிடி உரத்தைக் கொடுங்கள்.

நோய் ரொம்ப முற்றிய காடாக இருந்தால் தட்டையை அங்கேயே மக்க வைக்க நான் சொல்லமாட்டேன். வெளியே எடுத்துக் குவியல் போட்டு மக்க வையுங்கள். ஒழுங்காகக் கட்டிய குவியலின் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடேறும், பெரும்பாலான நோய்ப் பூஞ்சாணம் அதில் தாங்காது. கிளறிவிட்டு ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால்தான் எல்லாம் வேகும். அந்தச் சூட்டில் விரிடியும் வெந்துபோகும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. முதல் நாளே கலந்தால் போனது போனதுதான். குவியல் ஆறியபின் கலக்க வேண்டும். மாட்டுக்காக வேண்டிக்கொள்ள ஊர் ஊராக வந்து ஏறுகிற கோபிநாதசாமி மலை நம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் தொழுவத்தில் மாடு குறைந்துவிட்டது. தின்ன மாடு இல்லாததால்தான் இவ்வளவு தட்டை காட்டில் மிஞ்சுகிறது, தொழுவுரத்துக்கும் அலைகிறோம். மாடு வைத்திருக்கிறவரும் தட்டை மிஞ்சியவரும் பேசிக்கொண்டால் இரண்டு பேருக்கும் வழி பிறக்கும்.

இது உலகத்தில் எங்கும் நடக்காத புது யோசனை ஒன்றும் இல்லை. உழாமல் விதைக்கும் முறை பரவி, மக்காச்சோளத் தட்டை வயலில் கிடக்க ஆரம்பித்த பிறகு, 1990-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கோதுமைக் கதிரில் ஃபியூசேரியம் கருகல் பேயாட்டம் ஆடியது. கனடாவில் ஆலன் ஷுவேயின் குழு, குளோனோஸ்டாக்கிஸ் ரோசியா என்கிற பூஞ்சாணத்தின் ஏசிஎம்941 என்ற ரகத்தைக் கழிவுத்தட்டைமேல் விட்டு, அதில் நோய் விதை உண்டாவதைக் குறைத்துக் காட்டியது. குறைத்தது, ஒழிக்கவில்லை. விரிடியிடமும் அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். நமக்கு இன்னும் பக்கத்துப் பாடம் ராஜஸ்தானில். ஜோத்பூர் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் லோதாவும் உடனிருந்தவர்களும், கோடையில் கடுகுக் கழிவை மண்ணில் கலந்து தண்ணீர் பாய்ச்சினால் இதே மேக்ரோபோமினா பெருமளவு குறைவதை 1997-இல் வெளியிட்டார்கள். வறண்ட சூட்டைத் தாங்கும் மணி ஈரமான சூட்டைத் தாங்குவதில்லை. டெல்லியில் 2020 முதல் வைக்கோலை மக்கவைக்க அடித்த பூசா டீகம்போசர் நோயை நினைத்துச் செய்ததில்லை, வைக்கோல் எரிப்பதைத் தடுக்கச் செய்தது. மக்கவைப்பது என்ற பாதி வேலையை அது செய்யும், எதிரியைத் தேடித் தின்கிற மீதிக்கு விரிடி வேண்டும்.

நெல்லும் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, அங்கேயும் நோய் மணியாகத்தான் தங்குகிறது. இலையுறை கருகல் வந்த வயலில் சேறு உழும்போது அதன் கருமணிகள் நுரையோடு மிதந்து, காற்று தள்ளுகிற பக்கத்து வரப்போரம் ஒதுங்கும். சல்லடையால் அள்ளி வெளியே கொட்டி எரித்துவிடுங்கள். இந்த வேலைக்கு மருந்து வேண்டாம்.

இனி மகளிர் குழு அக்காமார்களுக்கு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கன்னிவாடிக்கு வந்து, உயிரிக் கிராமம் என்று சொல்லி உங்கள் கையில் இந்தத் தொழிலைக் கொடுத்தபோது, படிக்காத பெண்கள் ஆய்வுக்கூடத்து வேலையைச் செய்வார்களா என்று கேட்டவர்கள் உண்டு. செய்து காட்டினீர்கள். ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர் சங்கமும் அதே காற்றில் எழுந்ததுதான். இப்போது உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: உற்பத்திக் காலண்டரை மாற்றுங்கள். ஆடி, புரட்டாசிக்கு என்று தயாரித்து, மார்கழியில் அடுப்பை அணைத்துவிடுகிறீர்கள். தட்டைக்கு வேண்டியது மார்கழி கடைசியில் புதுச் சரக்கு. பாக்கெட்டாகக் கொடுப்பதைவிட, ஏற்கெனவே தொழுவுரத்தில் பெருக்கிய விரிடி உரமாகவே மூட்டையில் விற்றால் விவசாயிக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் கூடுதல் காசு. சிப்பிக்காளான் குடில் வைத்திருக்கிறவர்கள் மட்டும் உஷாராக இருங்கள். காளான் படுக்கையில் பச்சையாகப் படர்ந்து கெடுக்கிற பூஞ்சாணம் விரிடியின் பங்காளிதான். விரிடிக் குவியலும் காளான் குடிலும் ஒரே வாசலில் இருக்கக்கூடாது, ஒரே கை இரண்டையும் தொடக்கூடாது.

கடையில் வாங்குகிறவர்கள் தேதியைப் பாருங்கள். டால்க் பவுடரில் விரிடி நான்கிலிருந்து ஆறு மாதம் வரைதான் தெம்பாக இருக்கும். ஒரு கடையில் பூச்சிமருந்து டப்பாக்களை நிழலில் அடுக்கிவிட்டு, விரிடி பாக்கெட்டை மட்டும் தெருவெயில் அடிக்கும் கண்ணாடி ஓரத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, அங்கே வைத்தால்தான் ஆள் பார்வையில் படும் என்றார் கடைக்காரத் தம்பி. உயிரோடு விற்கும் சரக்கு அது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காந்திகிராமத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பழனிக்கு அந்தப்பக்கம் வாகரையில் மக்காச்சோளத்துக்கென்றே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டிடமும் நாம் எழுதிக் கேட்க வேண்டியது, தட்டையில் விரிடி போடும் முறையை நம் செம்மண்ணில், மானாவாரியில், நம் கண்முன் ஒரு திடல் போட்டுக் காட்டுங்கள் என்பதுதான். விதை நேர்த்திக்குப் பரிந்துரை இருக்கிறது. ஹெக்டேருக்கு 2.5 கிலோ என்று மண்ணுக்கும் இருக்கிறது. ரோஸ் விதை போடும் ஊருக்குத் தட்டைக்கும் ஒன்று வேண்டும்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ளலாம். காட்டின் ஓர் ஓரத்தில் பத்துச் சால் அகலத்துக்கு விரிடி போடாமல் விடுங்கள், மற்ற எல்லாம் ஒன்றுபோல் இருக்கட்டும். இரண்டு எல்லையிலும் கல் நட்டு அடையாளம் வையுங்கள். அடுத்த வெள்ளாமையில் கதிர் முற்றி, உறை காயும் சமயம், போட்ட பக்கம் நூறு தட்டை, போடாத பக்கம் நூறு தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து முதல் கணுவுக்கு மேலே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அழுத்துங்கள். நல்ல தட்டை கல்போல் நிற்கும், அழுகியது உள்ளே அமுங்கும். அமுங்கியதை எண்ணி நோட்டில் எழுதுங்கள். கணக்கை அடுத்த குழுக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், பலன் இல்லை என்றாலும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துக் காட்டுக்காரன்